சர்வ் போடுகிறவர் முதலில் சொல்ல வேண்டும்

ஜூன் 8, ஞாயிறு

காலையில் கிளப் மைதானத்தில் என் மானம் போனது. என் மனைவி சண்பகம் டென்னிஸ் ஆடப் போவதை இரண்டு வருடமாக வீட்டிலிருந்தபடியே சகித்துக்கொண்டிருந்தவன், இன்று என்ன தோன்றியதோ, கூடவே கிளம்பிவிட்டேன். எதிரில் ஆடிய டாக்டர் அம்மா சர்வ் போட்ட பந்து இரண்டு தடவையும் வலையில் விழுந்தது. "உங்க வீட்டம்மாவுக்கு ஒரு பாயிண்ட்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். பலமாகக் கை தட்டினேன். மைதானமே திரும்பிப் பார்த்தது. எதிராளி செய்த தவறுக்குக் கை தட்டக் கூடாதாம். சரி, இனி நல்ல அடிக்கு மட்டும் தட்டுவோம் என்று காத்திருந்து ஒன்றுக்குத் தட்டினேன். அது டாக்டர் அம்மா அடித்த அடி. அந்த அடியோடு சண்பகம் செட்டையே தோற்றுவிட்டாள்.

ஸ்கூட்டரில் வரும்போது பின்னாலிருந்து சொன்னாள். "தட்டணும்னா தெரிஞ்சுக்கிட்டுத் தட்டுங்க. இல்லேன்னா பேசாம கைய மடியில வச்சுக்கிட்டு இருங்க."

முப்பது வருடம் நிலம் அளந்த சர்வேயர் நான். எனக்கு எண்ணிக்கை தெரியாது என்று வேதியியல் டீச்சரான இவள் சொல்கிறாள்.

ஜூலை ஆறாம் தேதி மதுரையில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கான போட்டியின் ஃபைனல். அதில் ஜெயிக்கிற ஒருத்தி மட்டும் மாநில அணியில் சேருவாள். இரண்டாவதாக வருகிறவளுக்கு ஒரு கோப்பை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சண்பகத்துக்கு நாற்பத்தேழு. அந்த ஒரு இடத்துக்காகத்தான் காலையிலும் ஓடுகிறாள், பள்ளியில் ஆறு பீரியட் நின்றுவிட்டு வந்து சாயந்திரமும் ஓடுகிறாள்.

இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அதற்குள் இந்தக் கணக்கைப் படித்துவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

பூஜ்யத்துக்கு லவ் என்று பெயராம். பிறகு பதினைந்து, முப்பது, நாற்பது. ஏன் நாற்பத்தைந்து இல்லை? இப்படி அளவு தப்பிய ஒரு நிலப் புலப்படம் என் மேசைக்கு வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஜூன் 11, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. சண்பகம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது நோட்டும் பேனாவுமாக எதிரில் போய் உட்கார்ந்தேன். ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாலு பாயிண்ட் எடுத்தா ஒரு கேம். ஆறு கேம் எடுத்தா ஒரு செட். ரெண்டு செட் எடுத்தா மேட்ச். இதுல என்ன குழப்பம் உங்களுக்கு?"

"அப்ப ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ண வேண்டியதுதான. பதினஞ்சு எங்கேருந்து வந்துச்சு?"

"கடிகார முள்ளத் திருப்பித் திருப்பி எண்ணுனாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க. நெசமா பொய்யான்னு தெரியாது. நூறு சென்ட்டு ஒரு ஏக்கர்னு சொல்லுதீங்களே, நான் ஏன்னு கேட்டேனா?"

கேட்கவில்லைதான். எழுதிக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் நாப்பதுல வந்து நின்னா, அது டியூஸ். அதுக்கப்புறம் அடுத்தடுத்து ரெண்டு பாயிண்ட் எடுக்கணும். ஒண்ணு எடுத்தா அட்வான்டேஜ். அடுத்தத விட்டுட்டா திரும்ப டியூஸ்."

"இப்படி எத்தன தடவ?"

"முடியற வரைக்கும்" என்றாள். காம்பை நறுக்கி ஒதுக்கியபடி சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தலை சுற்றியது.

ஜூன் 13, வெள்ளி

களக்காடு பக்கம் அண்ணன் தம்பி வரப்புத் தகராறு. ஒரு வருடம் அண்ணன் கல்லை நகர்த்துகிறான், மறு வருடம் தம்பி நகர்த்துகிறான். டியூஸ், அட்வான்டேஜ், மறுபடி டியூஸ். வெயிலில் நின்று சிரித்துவிட்டேன். என் உதவியாளர் பயந்துபோனார்.

அளந்து பார்த்ததில் கல் தம்பி நிலத்துக்குள் ஒன்றரை அடி தள்ளியிருந்தது. சொன்னேன். அண்ணனுக்குக் கோபம். இரண்டடி என்று சொல்லவில்லையே என்று தம்பிக்கும் கோபம். பழகிவிட்டது. அளந்தவன் அளந்ததைச் சொல்ல வேண்டும். இதுவரை எந்த வயலிலும் நான் வாயை மூடிக்கொண்டு வந்ததில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஒரு பாயிண்ட் விடாமல் நோட்டில் எழுதினேன். டாக்டர் அம்மாவோடு ஒரு செட். சண்பகம் 7–5 என்று ஜெயித்தாள். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால், டாக்டர் அம்மா எடுத்த பாயிண்ட் முப்பத்தாறு, சண்பகம் எடுத்தது முப்பத்து மூன்று. மூன்று தடவை கூட்டினேன். குறைவாக எடுத்தவள் ஜெயித்திருக்கிறாள்.

கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு கேம கையில குடுத்துட்டேன். அதுல எதுக்கு உயிர விடணும்? ஏழு கேம்ல மட்டும் விடல" என்றாள்.

அந்த ஐந்து கேமில் அவள் எடுத்தது மொத்தமே மூன்று பாயிண்ட். ஒவ்வொரு கேமும் முடிந்ததும் கோட்டுக்குப் பின்னால் போய், மட்டை நரம்பை விரலால் சரி செய்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவள் மாதிரி திரும்பி வந்தாள். கேம் முடிந்தால் பழைய பாக்கி எதுவும் தொடராது, இருவரும் மறுபடி பூஜ்யம். இந்தக் கணக்கை உண்டாக்கியவர் யாரோ, மனிதர்களைத் தெரிந்தவர். பதினைந்து முப்பது பற்றி எனக்கு இனி புகார் இல்லை. நாற்பது பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். இந்த ஆட்டங்களுக்கு, மதுரை ஃபைனலுக்கும்கூட, உயர நாற்காலியில் உட்காரும் நடுவர் கிடையாது. ஆடுகிறவர்களே எண்ண வேண்டும். தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று அந்தந்தப் பக்கத்துக்காரரே சொல்ல வேண்டும். சர்வ் போடுகிறவர் ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். அதிலும் தன்னுடையதை முதலில் சொல்ல வேண்டும். சண்பகம் ஒரு கேமில் "லவ்–ஃபார்ட்டி" என்று கணீரென்று சொன்னாள். எனக்கு ஒன்றுமில்லை, உனக்கு நாற்பது என்று அர்த்தம். வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கிற அதே குரலில் சொல்லிவிட்டு அடுத்த பந்தைப் போட்டாள்.

என்னால் முடியாது. உண்மையாகவே எழுதுகிறேன், என்னால் முடியாது.

ஜூன் 18, புதன்

காலுறை எட்டு ஜோடி துவைத்தேன். செம்மண் போகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சாரல் காற்று பலமாக அடிக்கிறது. தூக்கி அடித்த பந்தெல்லாம் வேலிக்குப் போகிறது. எண்ணிக்கை சொன்னால் எதிர்ப் பக்கம் கேட்பதில்லை. சண்பகம் இரண்டு தடவை சொல்கிறாள்.

இன்றைய பாடம் டை-பிரேக். மதுரையில் ஆளுக்கு ஒரு செட் ஆகிவிட்டால் மூன்றாவது செட் கிடையாதாம். அதற்குப் பதில் பத்துப் பாயிண்ட் ஓட்டம். யார் முதலில் பத்து எடுக்கிறாரோ அவருக்கு மேட்ச். ஆனால் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும். இங்கே பதினைந்து முப்பது எல்லாம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

"இப்பதான் உருப்படியா எண்ணுதீங்க" என்றேன்.

"நீங்க வேற. இதுலதான் எண்ணிக்கை தப்பும். முதல் ஆள் ஒரு சர்வ், அதுக்கப்புறம் ஆளுக்கு ரெண்டு ரெண்டு. ஆறு பாயிண்ட்டுக்கு ஒரு தடவ பக்கம் மாறணும். மூச்சு வாங்குத நேரத்துல ஏழா எட்டான்னு மறந்துபோகும்."

"மறந்துட்டா?"

"ரெண்டு பேரும் ஒத்துக்கிடுத பாயிண்ட மட்டும் வச்சுக்கிட்டு, ஒத்துக்கிடாதத திரும்ப ஆடணும். பாக்க வந்தவங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நோட்டு வச்சிருக்கவரும்தான்."

கடைசியில் சொன்னது எனக்கு.

ஜூன் 25, புதன்

ஆதிரை கோயம்புத்தூர் விடுதியிலிருந்து பேசினாள். அம்மாவின் பயிற்சி எப்படிப் போகிறது என்று கேட்டாள். புள்ளிவிவரத்தோடு சொன்னேன். மகள் அசந்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

"அம்மா காலேஜ்ல யுனிவர்சிட்டி டீம்ல ஆடிருக்கா. கல்யாணத்துக்கு அப்புறம் ஏன் விட்டன்னு கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கா. உங்களுக்குத் தெரியுமாப்பா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதில் எழுத ஒன்றுமில்லை. அப்போது என் அம்மா இருந்தாள். வீட்டுக்கு வந்த மருமகள் மைதானத்தில் ஓடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அந்த வருடம் களப்பணி அதிகம். மட்டை பரணுக்குப் போனது. அம்மா காலமான மறு வருடம் வெள்ளையடித்தபோது மட்டையை இறக்கினோம். ஒரு அட்டைப்பெட்டி மட்டும் இன்னும் மேலேயே கிடக்கிறது. பழைய சாமான்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று நான் கை தட்டியது பதினோரு தடவை. பதினொன்றும் சரி. பக்கத்து நாற்காலிக்காரர் இப்போதெல்லாம் என்னிடம்தான் எண்ணிக்கை கேட்கிறார். சண்பகம் நல்ல அடி அடித்துவிட்டு என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். நான் தட்டியதும் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 5, சனி, மதுரை

காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று, இரண்டும் ஜெயித்தாள். சாயந்திர ஆட்டத்தில் ஒரே கேமில் ஏழு டியூஸ். ஏழாவதில் எதிராளி இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். சண்பகம் நிற்கவில்லை. நாற்பத்தேழு வயதில், இரண்டு முட்டியிலும் தைலம் தடவிக்கொண்டு, எட்டாவது டியூஸ் வந்தாலும் ஆடத் தயாராக நின்ற அந்தப் பெண்பிள்ளை என் வீட்டில்தான் இத்தனை வருடம் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தாள்.

நாளை ஃபைனல். எதிரில் நாகர்கோவில் வயலட் செல்வராணி. ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இடது கை ஆட்டம், வலது முட்டியில் கட்டு.

ஜூலை 6, ஞாயிறு

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது.

முதல் செட் 6–3 சண்பகம். இரண்டாவது 6–4 வயலட். அந்த அம்மாளைப் பற்றியும் எழுத வேண்டும். கட்டுப் போட்ட முட்டியோடு ஒரு பந்தையும் விடவில்லை. கோட்டின் மேல் விழுந்த சந்தேகப் பந்து இரண்டை, தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் "உள்ளதான்" என்று தானே சொன்னார். இப்படி நான்கு பேர் இருந்தால் என் இலாகாவில் பாதி வழக்கு இருக்காது.

டை-பிரேக். ஆறுக்கு ஆறு. பக்கம் மாறினார்கள். காற்று ஆரம்பித்தது. சண்பகம் சர்வ் போட்டாள். வயலட் வலைக்கு ஓடி வந்து ஒரு ஓரத்தில் பந்தை இறக்கினார். சண்பகம் பாய்ந்து போய் எடுத்து, வயலட் தலைக்கு மேலே தூக்கி அடித்தாள். அடித்த வேகத்தில் சறுக்கிச் செம்மண்ணில் விழுந்தாள். பந்து மேலே போனது, போனது, அப்படி ஓர் அழகை நான் பார்த்ததில்லை. கை தானாகத் தட்டிவிட்டது. நான் தட்டியதைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் தட்டினார்கள்.

பந்து கோட்டுக்கு வெளியே நான்கு விரல் தள்ளி விழுந்தது. வயலட் "அவுட்" என்று விரலைத் தூக்கினார். சண்பகம் அப்போது குனிந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நோட்டில் எழுதினேன்: ஆறு–ஏழு. வயலட் சர்வ் போடும் முன் சொன்ன எண்ணிக்கை காற்றில் போய்விட்டது. அடுத்த இரண்டு பாயிண்டும் ஆளுக்கு ஒன்று. ஏழு–எட்டு. மறுபடி சண்பகத்தின் சர்வ். கோட்டருகே நின்று உரக்கச் சொன்னாள்.

"எய்ட்–செவன்."

வயலட் மட்டையைத் தூக்கினார். "எட்டு எனக்காக்கும்."

இருவரும் வலையருகே வந்தார்கள். பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தார்கள், விரல் விட்டு எண்ணினார்கள். களைத்துப்போயிருந்தார்கள், எங்கே பிரிகிறது என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. மைதானங்களைச் சுற்றிவரும் போட்டி மேற்பார்வையாளர் வந்தார். "ரெண்டு பேரும் ஒத்துக்கிறது பதினாலு பாயிண்ட். ஆளுக்கு ஏழு. மிச்சம் ஒண்ணைத் திரும்ப ஆடுங்க" என்றார். சண்பகம் தலையசைத்தாள். வயலட்டும் சரி என்றார். முகம் மட்டும் வாடிப்போனது.

அப்போது சண்பகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னை என்றால் என் மடியிலிருந்த நோட்டை.

பார்க்க வந்தவன் பேசக் கூடாது. சைகையும் கூடாது. பேசாமல் இருந்தால் விதியும் என் பக்கம், ஏழு–ஏழும் அவள் பக்கம். மாநில அணி மூன்று பாயிண்ட் தூரத்தில் இருந்தது. கல் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

தலையை இடமும் வலமுமாக ஒரே ஒரு தடவை ஆட்டினேன்.

இரண்டு விநாடி பார்த்தாள். பிறகு மேற்பார்வையாளரிடம் திரும்பி, "அவங்க சொன்னதுதான் சார் சரி. ஏழு–எட்டு" என்றாள்.

மேற்பார்வையாளர் நேராக என்னிடம் வந்தார். "சார், நோட்டை எடுத்துக்கிட்டு வெளிய போங்க." போனேன். மீதியைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

அடுத்த இரண்டு பாயிண்டும் சண்பகம் எடுத்தாள். ஒன்பது–எட்டு. இன்னும் ஒன்று எடுத்தால் மேட்ச். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயலட் அடுத்தடுத்து இரண்டு எடுத்தார். ஒன்பது–பத்து. சண்பகம் ஒன்று. பத்து–பத்து. அதற்குப் பிறகு சண்பகத்துக்கு ஒன்றும் இல்லை. பத்து–பன்னிரண்டு.

வயலட் வலையைச் சுற்றி வந்து சண்பகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். சண்பகம் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஏழு–ஏழு என்று ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பிறகு கிழித்துவிட்டேன்.

பஸ் திருமங்கலம் தாண்டியது. கோப்பை அவள் மடியில் இருந்தது. கடைசியில் நான்தான் ஆரம்பித்தேன்.

"நீ விழுந்தியே, அந்தப் பந்து வெளியதான் போச்சு. தெரியாம நான் தட்டிட்டேன்."

"உங்க கைதட்டு எனக்குத் தெரியாதா? எந்திரிக்கும்போது அதுதான் காதுல விழுந்துச்சு. இப்பல்லாம் நீங்க தப்பாத் தட்டுததில்லையே. அதனால உள்ள விழுந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

இதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம்.

"தலையாட்டுனதுக்குக் கோவமா?" என்றேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுக்குக் கோவம் இல்ல. உங்களுக்குத் தலையாட்டத் தெரியும்னு இருபத்திரெண்டு வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே, அதுக்குத்தான். அன்னைக்கு அத்தை சொல்லும்போது ஒரே ஒரு தடவ ஆட்டியிருந்தா போதும்."

கோவில்பட்டியில் பஸ் நின்றது. கடலை மிட்டாய் வாங்கினேன். பாதி உடைத்து என்னிடம் கொடுத்தாள். தின்ன முடியவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 7, திங்கள்

அலுவலகத்துக்கு அரை நாள் லீவு சொன்னேன். சண்பகம் பள்ளிக்குக் கிளம்பிப் புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள். நான் ஏணியைக் கொண்டுவந்து பரணுக்குச் சாய்த்தேன். எதற்கு என்று கேட்காமல் வந்து கீழே பிடித்துக்கொண்டாள்.

மேலே ஏறி, அட்டைப்பெட்டியை இழுத்து விளிம்புக்குக் கொண்டுவந்தேன். அங்கிருந்தே சொன்னேன். ராத்திரி முழுக்க யோசித்ததில், நூற்றுக்கணக்கான தடவை அவள் மைதானத்தில் எண்ணிக்கை சொன்ன மாதிரி, என் கணக்கை உரக்கச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன்.

"மட்டைய ஏத்துனது அம்மா இல்ல, சண்பகம். அம்மா வாயால சொன்னா, அவ்வளவுதான். ஏணி போட்டு ஏத்துனது நான். இந்தப் பெட்டியையும் நான்தான் ஏத்துனேன். வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."



"தெரியும்" என்றாள். "அன்னைக்கும் ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான."

எனக்கு அது நினைவே இல்லை. முப்பது வருடத்துக் கல் எல்லாம் நினைவிருக்கிறது, இது இல்லை. பெட்டியைக் கீழே நீட்டினேன். வாங்கித் தரையில் வைத்துப் பிரித்தாள். பித்தளைக் கோப்பைகள் மூன்று, கறுத்துப் போயிருந்தன. ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்து அதில் இருந்த தன் பெயரைப் படித்தாள். மதுரைக் கோப்பையைக் கொண்டுவந்து அவற்றோடு வரிசையாக வைத்தாள்.

"இன்னும் மேல ஏதாவது இருக்கா?"

"இல்ல. அவ்வளவுதான்."

"சரி" என்றாள். "இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கை."

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. புளியை ஊறப் போட்டுவிட்டு, மூன்றையும் தேய்த்து வைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.